பதினேழுக்கு ரெண்டு

'தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும்' என்று நம்மூரில் கிண்டலாகச் சொல்வார்கள். உடம்பைப் பொறுத்தவரை அது கிண்டல் இல்லை, நிஜம். காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே! நிணநீர்க் கணுக்கள் என்பவை அந்தச் சமாசாரம்தான். உடம்பு பூராவும் இருக்கிற செக்போஸ்ட்டுகள். கிருமியோ புற்றுநோய் செல்லோ, அந்த வழியாகக் கிளம்பினால் முதலில் மாட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

எதிர்வீட்டு ரிடையர்டு கணக்கு வாத்தியாருக்குத் திடீரென்று கண்ணெல்லாம் மஞ்சள். வலி கிலி ஒன்றுமில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தே ஒரு மாசத்தை ஓட்டினார். அப்புறம்தான் ஸ்கேன். கணையத்தின் தலைப்பக்கம் ஒரு கட்டி. அது பித்தநாளத்தை நெரித்ததில் வந்த மஞ்சள்.

கணையப் புற்றுநோய் சுமார் ஐந்து பேரில் ஒருத்தருக்குத்தான் ஆபரேஷன் செய்கிற கட்டத்தில் அகப்படும். வாத்தியார் அந்த ஒருத்தர். 1935-ல் அமெரிக்க டாக்டர் ஆலன் விப்பிள் எழுதி வைத்த பெரிய ஆபரேஷன். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தை இணைத்துத் தைப்பார்கள். தேறி வந்துவிட்டார்.

வீட்டில் அவரிடம், "சாதாரணக் கட்டிதாம்ப்பா, எடுத்தாச்சு" என்று சொல்லி வைத்திருந்தார்கள். நம் வீடுகளில் வழக்கம்தானே! வினை அங்கேதான். ஆறு மாசம் மருந்து ஏற்றணும் என்றதும், "எடுத்தாச்சுல்ல, இன்னும் எதுக்கு?" என்று அடம்.

ஒருநாள் பீரோவில் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கண்டுபிடித்து நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"சார், இதென்ன 2/17? பதினேழுக்கு ரெண்டா? எங்கிட்ட படிச்ச கடைசி பெஞ்சுக்காரன்கூட இவ்வளவு கம்மியா வாங்கினதில்லை!"

எனக்குப் பொய் வரவில்லை. தெரிந்த சர்ஜனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"இந்தப் பரீட்சையில மார்க் கம்மியா இருந்தாத்தான் நல்லது, ஐயா" என்றார் அவர். பரிசோதித்த 17 கணுக்களில் 2-ல் புற்றுநோய். பூஜ்யம் என்றால் உத்தமம். 1 முதல் 3 வரை ஒரு வகுப்பு, 4-ம் அதற்கு மேலும் இன்னொரு வகுப்பு. எண்ணிக்கை ஏற ஏற ஆயுள் கணக்கு இறங்கும். முன்பெல்லாம் 'உண்டு, இல்லை' என்றுதான் பிரிப்பார்கள். 2018-லிருந்து இந்த எண்ணிக்கைக் கணக்கு.

"எத்தனை கணுவைப் பார்த்தாங்கங்கறதும் முக்கியம். 12-ஆவது பார்க்கணும். மூணை மட்டும் பார்த்துட்டு ஒண்ணுமில்லேன்னா, மூணு வீட்டுக் கதவைத் தட்டிட்டு ஊருக்கே சென்சஸ் எடுத்த மாதிரி!"

அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்குக்கு 2009-ல் கணையத்தில் ஆபரேஷன் நடந்தது. கட்டி சின்னது, கணுக்கள் எல்லாம் சுத்தம். அதற்கப்புறம் 11 வருஷம் நீதிபதியாகவே இருந்தார். 2020-ல் அவரைக் கொண்டுபோனது கணையப் புற்றுநோய்தான். ஆக, பூஜ்யம் கியாரண்டியும் இல்லை; ரெண்டு மரண தண்டனையும் இல்லை.

"அந்த மருந்து ஏத்தினா?" என்றார் வாத்தியார், மெதுவாக.

ஆபரேஷனுக்குப் பின் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. பழைய ஒற்றை மருந்தில் ஆயுளின் இடைநிலை அளவு 35 மாதம். புதுக் கூட்டணியில் 54. உடம்பு தாங்கணும், அது ஒன்றுதான் நிபந்தனை.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இடைநிலை அளவுன்னா பாதிப்பேர் அதுக்கும் மேல இருக்காங்கன்னு அர்த்தம். முப்பது வருஷம் போர்டுல எழுதிப் போட்டிருக்கேன் சார். எங்கிட்டயே கணக்கை மறைச்சுட்டானுங்களே!"

திங்கட்கிழமை முதல் டோஸ். ரிப்போர்ட்டை மகன் கையில் கொடுக்கவில்லை. தன் சட்டைப்பையிலேயே மடித்து வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.