ஒரு பயணம், இரு சோதனை

ஒரு விமான நிலையத்தில் காலணியைக் கழற்றச் சொல்கின்றனர். மறு நிலையத்தில் கேட்பதேயில்லை. தொப்பியும் தாடியுமாய் வரிசையில் நிற்கையில், ‘நம்மை மட்டும்தானோ?’ என்று நெஞ்சு குறுகுகிறது. அவ்வையம் சிலவேளை மெய்யே, எப்போதும் அன்று.

2001 டிசம்பரில் ஒருவன் காலணியில் வெடிமருந்தை மறைத்து விமானமேறினான். 2006 ஆகஸ்டில் திரவ வெடிச் சதி வெளிப்பட்டது. அவற்றால் எழுந்த விதிகளை நாடுகள் வெவ்வேறாய் நடத்துகின்றன. காலணி விதியை அமெரிக்கா 2025 ஜூலையில் கைவிட்டது.

ஆகவே, வழியிலுள்ள மிகக் கடுமையான நிலையத்தை எண்ணியே ஆயத்தமாகுங்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட ஸம்ஸம் குப்பியைக் கைப்பையில் வைக்காதீர்கள். முக்காட்டைச் சோதிக்க நேர்ந்தால், சகோதரிகள் மறைவிடமும் பெண் அலுவலரும் கேட்கலாம்.

அநீதி நேர்ந்தால் சினம் வேண்டா; நாளும் நேரமும் குறித்து எழுத்தில் முறையிடுங்கள். பொறுமையென்பது வாய்மூடி இருத்தலன்று.