பழைய வண்டியும் பதிப்புத் தொழிலும்

பழைய வண்டியைப் புதுப்பிப்பவரும் பழைய ஏட்டைப் பதிப்பிப்பவரும் ஓரினத்தார் என்று அண்மையில் ஓர் அவையிற் கூறினேன். நண்பர்கள் நகைத்தனர். நகைக்கட்டும்; என் கருத்து மாறவில்லை.

புத்தளத்தில் என்னிடம் கற்ற இளைஞர் ஒருவர் பழைய வொக்ஸ்வாகன் வான் ஒன்றை வாங்கிச் செப்பனிடுவிக்கின்றார். ஜெர்மனியில் 1950இல் உற்பத்தி தொடங்கிய அவ்வகை வானுக்கு, 1967 வரை முன்கண்ணாடி இரு கூறாக அமைந்திருந்தது. இது அப்பழைய அமைப்பினது. 1951 முதலே வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனத்தார் இத்தகைய வான்களுள் படுக்கையும் அலமாரியும் அமைத்து, அவற்றை ஓடும் வீடாக்கினர். இளைஞரது நோக்கமும் அதுவே. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களிற் பட்டத்தின் இழுப்பால் நீர்மேற் சறுக்கி விளையாடக் கற்பிட்டிக்கு வரும் பிறநாட்டார்க்கு அதனை வாடகைக்கு விட எண்ணுகின்றார்.

ஓடும் வீட்டுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமென்றார். ‘தாவளம்’ என்றேன். தமிழில் அது தங்குமிடம். அதனோடு ஒலியொத்த ‘தவலம’ என்னும் சிங்களச் சொல்லோ பொதிமாட்டுக் கூட்டத்தைக் குறிக்கும். புத்தளத்து உப்பைக் கண்டி நாட்டுக்குச் சுமந்தவை அப்பொதிமாடுகளே. தங்குவதும் செல்வதும் ஆகிய இரண்டும் அமைந்த பெயர் இதனினும் வேறு உண்டோ?

பழைய வண்டிகள் இந்நாட்டில் எஞ்சியமை காதலால் அன்று, தட்டுப்பாட்டால். 1960களில் அந்நியச் செலாவணி அருகி இறக்குமதி ஒடுங்கியபோது, உள்ளதைக் காப்பதன்றி வேறு வழியில்லை. 2020இல் மீண்டும் தடை வந்தது. 2025இலேதான் முற்றும் தளர்ந்தது. இத்தட்டுப்பாடே நம் கராஜ் பாஸ்மாரைக் கைதேர்ந்தவராக்கிற்று. மொறிஸ் மைனர் காருக்கு வேண்டிய உடற்தகடுகளை இலங்கையிற் செய்து, அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பிய காலமும் உண்டு. இவர்களை வெறுங் கூலியாளராக எண்ணுவோர் அறியாதவர்.

இனி, பதிப்பு. ஏட்டுக்குச் செல் பகை; வண்டிக்குத் துரு. உப்புக் காற்று வீசும் கடற்கரையில் அப்பகை இரட்டிப்பு. உப்பு ஈரத்தை ஈர்த்து இரும்போடு பிணைப்பதால், தகடுகள் பொருந்தும் மூட்டுகளிலும் கதவின் அடிவிளிம்பிலும் துரு உள்ளிருந்து அரிக்கும். அரித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டுதல் நேரிய முறை. பட்டி பூசி மறைத்து மேலே வர்ணம் அடித்தல் மற்றொரு முறை. பின்னதை நான் இடைச்செருகல் என்பேன். கண்ணுக்கு இனிது, அடுத்த பருவத்தில் வீங்கி உடையும்.

உ. வே. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. சிதைந்த அடிகளும் பல. தாமே பாடி நிரப்பும் புலமை அவருக்கு இல்லையா? இருந்தது, நிரப்பினாரல்லர். இல்லாததை இல்லையென்றே காட்டினார்.

ஏட்டிற் புள்ளியிட்டு விடலாம். வானின் தரையிற் புள்ளியிட்டால் பயணியின் கால் தெருவிற் படும் என்றார் அக்கராஜின் பாஸ். உண்மை. ஆகவே நிரப்புக, ஆனால் எதை வெட்டினோம், எதை ஒட்டினோம் என்பதை ஒரு கொப்பியிற் படத்தோடு எழுதி வண்டியிலேயே வைக்க. அது பதிப்பாசிரியரின் அடிக்குறிப்புக்கு ஒப்பாகும்.

வானின் உள்ளே நான் இவ்வளவு கடுமை காட்டேன். தொல்காப்பியம் வழிநூலுக்குக் கூறும் வகைகளுள் தொகுத்தலும் ஒன்று. ஒரு வீட்டை வானுக்குள் அடக்குதல் தொகுத்தலேயன்றோ? தென்னம்பலகையிற் கட்டிலும் பன்னோலைப் பாயும் வைப்பின் அழகே. கூரையைத் திறந்தெழச் செய்ய வெட்டுவதாயின் மட்டும் அஞ்சுக. அவ்வுடல் கூரையாலும் தாங்கப்படுவது. வெட்டிய விளிம்பைச் சுற்றி உறுதியான சட்டம் இன்றேல் வண்டி நெளியும்.

எங்களுக்குள் வழக்கு எழுந்தது ஒரு கதவைப் பற்றியே. வர்ணத்தைச் சுரண்டியபோது மூன்றாம் படலத்தின் கீழே தமிழெழுத்துகள் தோன்றின. முதற்சொல் சிதைந்தது, அடுத்து ‘கருவாட்டு வியாபாரம்’ என்பது தெளிவு. கையால் எழுதிய, வளைவு பிசகாத எழுத்து.

“மாஸ்டர், வாடகைக்கு எடுப்பவர்கள் கருவாட்டு வண்டி என்று மூக்கைப் பொத்தமாட்டார்களா?” என்றார் இளைஞர். வாணிகம் அவருடையது, கடனும் அவருடையது. அதை நான் மறக்கவில்லை. ஆயினும் அவ்வொரு வரியே இவ்வண்டியைப் புத்தளத்து வண்டியாக்குவது. அதனை அழித்துப் பிறநாட்டுக் கடற்கரையொன்றின் பெயரை எழுதினால், எங்கும் கிடைக்கும் வான்களுள் இதுவும் ஒன்றாகும். எழுத்தின் மேல் நிறமற்ற வார்னிஷ் பூசிக் காக்கலாம். சிதைந்த முதற்சொல்லை ஊகித்து எழுதவேண்டா என்றேன்.

அவர் இன்னும் இசையவில்லை. ஏனைய பகுதிகளுக்கு நீலமும் வெள்ளையும் அடித்தாயிற்று. அக்கதவு மட்டும் கழற்றப்பட்டு, கராஜின் வேப்பமரத்திற் சாய்ந்து நிற்கின்றது.