பழைய தொழில் கொஞ்சம் தூங்கட்டும்

வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். நம் வயதுக்காரர்களுக்கும் அதில் ஒரு சேதி இருக்கிறது.

என் மகன் கல்லூரி நாட்களில் 'பால்டர்ஸ் கேட் 2' விளையாடுவான். அது 2000-இல் வந்தது. இப்போது பேரன் அதன் மூன்றாம் பாகத்தை விளையாடுகிறான். அதை 2023-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலுள்ள லாரியன் நிறுவனம் வெளியிட்டது. இரண்டையும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். புதியதில் எழுத்துகளைப் பிரெஞ்சிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் எனக்குக் கூடுதல் வசதி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாய உலகம் ஒன்றில் ஒரு சிறு குழு பயணம் போகிறது. குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் உண்டு: போர்வீரன், மந்திரவாதி, திருடன், தெய்வ அருளால் காயம் ஆற்றும் குரு. இதை 'கிளாஸ்' என்பார்கள். அனுபவம் சேரச் சேர அந்தத் தொழிலில் படிப்படியாக ஏறலாம். அந்தக் குருவுக்குப் பிரெஞ்சில் 'கிளேர்' என்று பெயர். நொத்தேர் ஆபீசில் பத்திரம் எழுதும் குமாஸ்தாவும் பிரெஞ்சில் கிளேர்தான். ஆங்கில 'கிளார்க்'குக்கும் அதுவே வேர்ச்சொல். காயம் ஆற்றாவிட்டாலும் நானும் ஒரு கிளேர்தான் என்று பேரனிடம் சொல்லிக்கொள்வேன்.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் தாய், 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாளும் பென்சிலும் பகடையும் வைத்து ஆடுவது. ஒருவரே இரண்டு தொழில் பார்க்கலாமா என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது. பால்டர்ஸ் கேட் 2 பின்பற்றியது, அந்த விளையாட்டின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிகளை. அதில் இரண்டு வழி உண்டு.

எல்ஃப் போன்ற மனிதரல்லாத இனத்தார் தொடக்கத்திலேயே இரண்டு, சிலர் மூன்று தொழில்களை எடுத்துக்கொள்ளலாம். கிடைக்கும் அனுபவப் புள்ளி சமமாகப் பங்கு பிரியும். எல்லாத் தொழிலும் மெதுவாகத்தான் ஏறும்.

மனிதர்களுக்கு வேறு வழி. ஒன்பதாம் படி வரை போர்வீரனாக இருந்தவன் மந்திரம் கற்க விரும்பினால், மந்திரவாதியாக முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை பழகிய வாள் வித்தை அவனுக்கு உதவாது. மந்திரத்தில் பத்தாம் படியைத் தொட்டு, புதிய தொழில் பழையதைத் தாண்டிய பிறகுதான் வாள் வித்தை திரும்பி வரும். அதன்பின் இரண்டும் அவன் கையில்.

புதிய பாகத்தில் இந்தத் தொல்லை இல்லை. 12 தொழில்கள், மொத்தம் 12 படிகள். ஒவ்வொரு படியிலும் எந்தத் தொழிலை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால், கல்லறையிலிருந்து எழுந்து வந்த விதர்ஸ் என்ற கிழவரிடம் 100 பொற்காசு கொடுத்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

இளைஞர்கள் புதிய விதியைப் புகழ்கிறார்கள். பழைய விதிதான் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஒன்பது படி ஏறிய வீரன் ஒரே நாளில் வாள் பிடிக்க மறப்பானா என்று மகன் அன்றே கேட்டான். நியாயமான கேள்விதான். பதில் அந்த மேசை விளையாட்டின் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அதன்படி அவன் பழைய வித்தையைப் பயன்படுத்தலாம், தடையில்லை. ஆனால் பயன்படுத்தினால் அந்தச் சண்டையில் அவனுக்கு அனுபவப் புள்ளி கிடைக்காது. பழைய கை வேலையை முடித்துவிட்டால் புதிய கை எப்படிப் பழகும்? வித்தை மறந்து போகவில்லை. அதைச் சும்மா இருக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து அரசு அலுவலகத்துக்குப் போன எங்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1962-க்குப் பிறகு புதுச்சேரியில் கோப்புகள் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. பிரெஞ்சில் 'துமாந்தே' என்றால் கேட்பது, வேண்டுவது. பார்ப்பதற்கு அதேபோல் இருக்கும் ஆங்கில 'டிமாண்ட்' என்றால் அதிகாரமாகக் கேட்பது. மேலதிகாரிக்கு எழுதும் குறிப்பில் அது போனால் என்ன ஆகும்! ஆகவே பிரெஞ்சைத் தூங்க வைத்துவிட்டுக் கீழ்நிலை எழுத்தராக ஆங்கிலத்தில் முதல் படியிலிருந்து ஏறினோம். எங்களைவிடக் குறைவாகப் படித்தவர்கள் எங்களைவிட நன்றாகக் குறிப்பு எழுதிய காலம் அது. பல வருடம் கழித்து, பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கம் எழுத ஆள் தேவைப்பட்டபோது எங்களைத்தான் கூப்பிட்டார்கள். வெறும் பிரெஞ்சு தெரிந்தவராலும் முடியாது, வெறும் ஆங்கிலம் தெரிந்தவராலும் முடியாது.

புதிய விளையாட்டிலும் விலை இல்லாமல் இல்லை, கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். போர்வீரன் ஒரு முறைக்கு இரண்டு வெட்டு வெட்டுவது ஐந்தாம் படியில். மந்திரவாதிக்குத் தீயுருண்டை மந்திரம் கிடைப்பதும் ஐந்தாம் படியில். 12 படியை மூன்று தொழிலுக்கு நாலு நாலாகப் பிரித்தவனுக்கு இரண்டாவது வெட்டும் இல்லை, தீயுருண்டையும் இல்லை. ஒன்றை ஐந்துக்குக் கொண்டுபோய்விட்டு மற்றதைத் தொட்டவன் பிழைத்துக்கொள்கிறான். எல்லாவற்றையும் கலக்கலாம் என்று சொல்லும் விளையாட்டு, எதையாவது ஒன்றை முதலில் முற்ற விடு என்பதை உரக்கச் சொல்வதில்லை. பழைய விதி அதை முகத்துக்கு நேரே சொன்னது.

இப்போது வீட்டு விஷயம். பி.காம். முடித்த பேரன் கேட்டரிங் படிக்க வேண்டும் என்கிறான். "மூணு வருஷம் படிச்சது வீணா?" என்கிறான் என் மகன். பேரனோ, "பகல்ல ஆடிட்டர் ஆபீஸ், சாயங்காலம் சமையல் வகுப்பு, ரெண்டையும் பாத்துக்கறேன் தாத்தா" என்கிறான்.

மகனிடம் நான் சொன்னது: வீணாகாது, தூங்கும். நாளைக்கு ஒரு சமையல்கூடத்தை அவன் நடத்தினால், காய்கறிக் கொள்முதலும் ஒரு தட்டுச் சாப்பாட்டின் அடக்க விலையும் போடும்போது அந்த பி.காம். எழுந்து உட்காரும். பேரனிடம் சொன்னது: சம்பளம் இல்லாமல் உன்னைத் தாங்க இந்த வீட்டால் முடியும். கணக்கை மூடி வைத்துவிட்டு முதல் படியில் நின்று வெங்காயம் நறுக்கு. கை கடுக்கும்போதெல்லாம் கணக்குக்கு ஓடினால் சமையல் வராது.

வீட்டு நிலைமையால் வேலையை விட முடியாத பிள்ளைகளுக்கு எல்ஃப் வழிதான். இரண்டும் பாதிப் பாதிப் புள்ளியில் ஏறும். அவர்களை ஏன் இன்னும் முன்னேறவில்லை என்று கேட்பது அநியாயம்.

நம் வீடுகளில் தொழில் மாறும் பிள்ளையை உறவினர் முன்னால் கேலி செய்வது அந்த நடுக்காலத்தில்தான். பழையது கை கொடுக்காமல், புதியதும் வசப்படாமல் அவன் நிற்கும் நேரம் அது. அப்போது பெரியவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எத்தனையாவது படி என்று கேட்காமல் சாப்பாடு போட வேண்டும்.