மின்காரின் புகை எந்தக் கணக்கில்?

2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்கார் தொழிற்சாலையை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். பரப்பு 400 ஏக்கர். முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள், பிறகு ஒன்றரை லட்சம் வரை என்பது திட்டம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய இடத்தில் ஒன்றரை ஆண்டுக்குள் கார் உருண்டு வெளியே வந்தது. ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் பஸ் ஏறிப் பழகிய தென்மாவட்ட இளைஞர்களுக்கு இது பெரிய செய்தி. அதில் சந்தேகமே இல்லை.

அடுத்த மாதமே டெல்லியிலிருந்து இன்னொரு செய்தி. மத்திய மின்துறையின் கீழ் இயங்கும் எரிசக்தித் திறன் அமைப்பு, 2027 ஏப்ரல் முதல் கார் நிறுவனங்களுக்குப் பொருந்தும் புதிய கரி உமிழ்வு விதிகளின் வரைவை வெளியிட்டது. ‘கஃபே 3’ என்று தொழில்துறையினர் சொல்வது இதைத்தான். அன்று தொடங்கிய வாதம் பெரும்பாலும் கார் கம்பெனிகளுக்கு இடையேதான் நடந்தது. அந்த வாதத்தில் தூத்துக்குடிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மின்கார் தயாராகும் இடமும், அது குடிக்கும் மின்சாரத்துக்கான நிலக்கரி இறங்கும் துறைமுகமும், அந்த நிலக்கரி எரியும் அனல் மின் நிலையமும், அதற்கு மாற்றான காற்றாலைகளும் ஒரே மாவட்டத்துக்குள் இருப்பது அபூர்வம்.

முதலில் விதியைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்ற எல்லாக் கார்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் கரியமில வாயுவுக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் சாரம். 2017-18-இல் தொடங்கியபோது சராசரி வரம்பு 130 கிராம். 2022-23 முதல் 113 கிராம். மீறினால் அபராதம் உண்டு. 2022-இல் திருத்தப்பட்ட எரிசக்திப் பாதுகாப்புச் சட்டப்படி, மீறலின் அளவைப் பொறுத்து ஒவ்வொரு காருக்கும் 25,000 அல்லது 50,000 ரூபாய். தேவையான விதி. கார் நிறுவனங்கள் என்ஜினின் திறனைக் கூட்டவும் மின்காரில் பணம் போடவும் இந்த நெருக்கடி ஒரு முக்கியக் காரணம்.

ஓட்டை இருப்பது எண்ணும் முறையில். இந்தக் கணக்கில் மின்காரின் உமிழ்வு பூஜ்யம். அத்துடன், வரைவின்படி ஒரு மின்கார் விற்றால் அது மூன்று காராக எண்ணப்படும். இதன் விளைவைச் சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கம்பெனி கிலோமீட்டருக்கு 150 கிராம் உமிழும் ஒன்பது பெரிய எஸ்.யூ.வி.க்களையும் ஒரு மின்காரையும் விற்கிறது. மொத்தம் 1,350 கிராம், பத்து கார். உண்மையான சராசரி 135 கிராம், அதாவது வரம்புக்கு மேல். மின்காரை மூன்றாக எண்ணினால் கார்களின் எண்ணிக்கை பன்னிரண்டு ஆகிவிடும். சராசரி 112.5 கிராமுக்கு இறங்கி, 113-க்குள் அடங்கிவிடும். சாலையில் ஒரு கிராம் புகைகூடக் குறையவில்லை. தாளில் மட்டும் 22.5 கிராம் குறைந்துவிட்டது.

இதற்கு நடுவே சிறிய கார்களைப் பற்றிய சண்டை வேறு. 909 கிலோவுக்கு மிகாத எடை, 1,200 சி.சி.க்கு மிகாத என்ஜின், 4 மீட்டருக்கு மிகாத நீளம் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 3 கிராம் சலுகை என்றது வரைவு. மாருதி சுசூகி வரவேற்றது. டாட்டாவும் மஹிந்திராவும் எதிர்த்தன. ஒரு நிறுவனத்துக்கு மட்டும் கதவு திறப்பதாக எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். இரு தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூல காரணம் வேறு. விற்கும் கார்களின் சராசரி எடை கூடக்கூட அந்த நிறுவனத்துக்கான வரம்பும் தளர்ந்துகொண்டே போகும்படி சூத்திரம் அமைந்திருக்கிறது. இரண்டு டன் வண்டிக்குத் தாராளமாகவும் முக்கால் டன் வண்டிக்குக் கறாராகவும் இருக்கும் விதியில், தனிச் சலுகை கேட்டு ஒருவர் வரத்தான் செய்வார். எடைக்குத் தரும் தளர்வைக் குறைத்தால் சிறிய காருக்குத் தனிச் சலுகையே தேவைப்படாது.

இனி அந்தப் பூஜ்யத்துக்கு வருவோம்.

ஒடிசா, மேற்கு வங்கத் துறைமுகங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நிலக்கரிக் கப்பல்கள் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வருகின்றன. நிலக்கரித் தளத்தில் இறங்கும் கரி, கன்வேயர் பெல்ட்டில் ஏறி நேரே அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. தலா 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள், மொத்தம் 1,050 மெகாவாட். பக்கத்திலேயே என்.எல்.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து நடத்தும் 1,000 மெகாவாட் நிலையம். தெற்கே உடன்குடியில் 1,320 மெகாவாட் திட்டம். தனியார் நிலையங்கள் தனி. மாவட்டத்துக்கு வெளியே எங்கோ ஒரு மின்கார் ‘பூஜ்யம்’ என்று பெயர் வாங்கும்போது, அதன் புகையில் ஒரு பங்கு இந்தக் கடற்கரையில் மேலே எழும்புகிறது.

எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வரும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார் என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 128 கிராம். மின்காருக்கு, சார்ஜ் ஏற்றும்போது ஆகும் சேதாரத்தையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் இந்திய மின்தொகுப்பின் சராசரி உமிழ்வு யூனிட்டுக்கு 0.72 கிலோவை ஒட்டி நிற்கிறது. அப்படியானால் கிலோமீட்டருக்குச் சுமார் 115 கிராம். முழுக்க முழுக்கப் பழைய அனல் அலகின் மின்சாரம் என்றால் 150-ஐத் தாண்டும். அதே 16 யூனிட் கயத்தாறு காற்றாலையிலிருந்து வந்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

இந்த எண்களைக் காட்டி ‘மின்கார் ஏமாற்று வேலை’ என்று முடிவு கட்டுவோர் இருக்கிறார்கள். அது தவறு. பெட்ரோல் பங்குக்கு வந்து சேரும் முன்பே, எண்ணெய்க் கிணற்றிலும் சுத்திகரிப்பு ஆலையிலும் செலவாகும் எரிசக்தியை மேற்கண்ட 128 கிராமில் சேர்க்கவில்லை. தூய போக்குவரத்துக்கான சர்வதேசக் கவுன்சில் 2021-இல் பேட்டரி தயாரிப்பு முதல் கடைசி ஓட்டம் வரை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது. இந்தியாவில் நடுத்தர மின்காரின் ஆயுட்கால உமிழ்வு அதே அளவு பெட்ரோல் காரைவிட 19 முதல் 34 சதவீதம் குறைவு. ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவு. கார் ஒன்றேதான், வித்தியாசம் மின்சாரத்தில். இன்று வாங்கும் பெட்ரோல் கார் பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் இதே புகையைத்தான் விடும். மின்காரோ, மின்தொகுப்பில் காற்றும் சூரியனும் கூடக்கூட வருடா வருடம் சுத்தமாகும். எனவே மாற்றம் வேண்டும். கணக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

புகையைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22-இல் நடந்த துப்பாக்கிச்சூட்டையொட்டி 13 பேர் உயிரிழந்தார்கள். ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு மின்காருக்குச் சாதாரணக் காரைவிட இரண்டு மடங்குக்கு மேல் தாமிரம் தேவை. அந்தத் தாமிரம் எங்கோ ஓர் ஊரில் உருக்கப்படுகிறது. அந்த ஊரின் காற்றையும் நிலத்தடி நீரையும் கணக்கில் எடுக்காத எந்த விதியும் பாதி விதிதான் என்பதைத் தூத்துக்குடி மக்கள் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டவர்கள்.

கடலும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். 1973-இல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சிப்பியில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். முத்துச்சிப்பிகள் வளரும் கடலடிப் பார்கள் திரும்பவும் செழிக்கும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. காற்றில் சேரும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதனால் நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. சிப்பியின் ஓடும் முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அமிலம் கூடினால் அவை உருவாவதே சிரமம். சூடான கடலில் 2010-இலும் 2016-இலும் இங்குள்ள பவளப்பாறைகள் வெளுத்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை மாவட்டம் மறந்திருக்காது. ஒரு மழைக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் கடல் சூடாகச் சூடாகக் காற்று சுமக்கும் ஈரம் கூடும் என்பதில் விஞ்ஞானிகளிடையே சர்ச்சை இல்லை.

அப்படியானால் எந்த வண்டியை முதலில் மின்சாரத்துக்கு மாற்றுவது? வின்ஃபாஸ்டின் வி.எஃப்.6 கார் 16.49 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் சந்தைக்கு வந்தது. உப்பளத்தில் நாள் கூலிக்கு உப்பு வாரும் பெண்ணுக்கு அது எட்டாத விலை. அவர் ஏறுவது டவுன் பஸ்ஸில், அதுவும் 2021 முதல் கட்டணமில்லாமல். அந்த பஸ் மின்சாரத்தில் ஓடினால்தான் மின்வாகனம் அவருக்கும் வந்து சேரும். சென்னையில் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. மின்கார் தயாராகும் ஊருக்கு அடுத்த வரிசையில் இடம் கேட்கும் உரிமை இருக்கிறது.

துறைமுகச் சாலையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தார்ப்பாய் போர்த்திய கரி லாரி, உப்பு மூட்டை லாரி, இரண்டு கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் என்று இரவு பகல் ஓயாத வரிசை. ஆண்டுக்கு நான்கு கோடி டன்னுக்கு மேல் சரக்கு கையாளும் துறைமுகம் இது. நாட்டின் வண்டிகளில் லாரிகள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் சாலைப் போக்குவரத்தின் கரியமில வாயுவில் மூன்றில் ஒரு பங்கு அவற்றினுடையது என்கிறது நிதி ஆயோக். துறைமுகத்துக்கும் கண்டெய்னர் கிடங்குகளுக்கும் இடையே ஓடும் லாரிகளுக்குத் தூரம் குறைவு, பாதை நிரந்தரம், சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்லாரி ஒன்றுக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. லாரி உரிமையாளர்களில் பலர் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள். வங்கிக் கடனும் குத்தகை ஏற்பாடும் இல்லாமல் அந்தத் தொகை மட்டும் அவர்களுக்குப் போதாது.

வெளிநாடுகளில் காற்று எதிர்த்திசையில் வீசுவதாகச் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். 2035-க்குப் பிறகு புதிய கார்களில் உமிழ்வே கூடாது என்றிருந்த ஐரோப்பிய ஒன்றியம், அதை 90 சதவீதக் குறைப்பாகத் தளர்த்தலாம் என்று 2025 டிசம்பரில் முன்மொழிந்தது. அமெரிக்கா எரிபொருள் சிக்கன விதியை மீறுவோருக்கான அபராதத்தையே பூஜ்யமாக்கியது. ஆனால் இந்தியா எரிக்கும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி இறக்குமதி. விதியைத் தளர்த்தினால் அந்த பில்தான் ஏறும்.

2027 ஏப்ரலுக்கு முன் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. மின்காரைப் பூஜ்யம் என்று எழுதுவதை விட்டு, மின்தொகுப்பின் உண்மை உமிழ்வை வைத்து ஆண்டுதோறும் கணக்கிட வேண்டும். ஒன்றை மூன்றாக எண்ணும் சலுகையைப் படிப்படியாக நிறுத்த வேண்டும். அனல் மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015-இல் விதித்த வரம்பைத் தள்ளித் தள்ளி வைத்து, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களை விடுவித்தே விட்டது மத்திய அரசு. தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் நகரப் பட்டியலில் இருக்கும் தூத்துக்குடிக்கு அந்த விலக்கு பொருந்தக் கூடாது. காரின் புகைக்கு வரம்பு கட்டிவிட்டு, அந்தக் காருக்கு மின்சாரம் தரும் புகைபோக்கியை விட்டுவிடுவது நியாயமல்ல.

மாநில அரசும் துறைமுக நிர்வாகமும் டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2025 செப்டம்பரில் துறைமுகக் குடியிருப்பில் தொடங்கிய பசுமை ஹைட்ரஜன் சோதனை நிலையம் தெருவிளக்குகளுக்கும் ஒரு சார்ஜ் நிலையத்துக்கும் மின்சாரம் தரத் திட்டமிடப்பட்டது. அளவில் சிறியதுதான், ஆனாலும் நல்ல தொடக்கம். அடுத்து, துறைமுக வாசலிலும் லாரி நிறுத்தங்களிலும் சூரிய ஒளி இருக்கும் நேரத்தில் மலிவாகவும், மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுக் காலத்தில் இரவிலும் மலிவாகவும் சார்ஜ் ஏற்றக் கட்டணம் நிர்ணயிக்கலாம். துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் இடையே முதல் மின்லாரி வரிசையைத் துறைமுகமே குத்தகைக்கு எடுத்து ஓட்டலாம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து திருச்செந்தூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் போகும் பேருந்துகளில் மின்பேருந்துகளைச் சேர்க்கப் போக்குவரத்துக் கழகம் இப்போதே டெண்டர் விடலாம்.