முதலில் இறங்கி எங்கே போகிறீர்கள்?

சென்ற மாதம் கொள்ளுப்பிட்டியில் ஒரு திருமண வரவேற்பு. சாப்பாட்டு மேசையில் என்னுடன் அமர்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஆகவே பேச்சு, வழமைபோல, விமானப் பயணத்தில் வந்து நின்றது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான நண்பர் ஒருவர் தாம் கட்டுநாயக்கவில் வந்திறங்கிய கதையைச் சொன்னார். சக்கரம் நிலத்தில் பட்ட மறுகணமே ஆட்கள் எழும்பிவிட்டார்களாம். விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்த பெட்டிகளை இழுத்தார்களாம். பணிப்பெண் எத்தனை தடவை சொல்லியும் ஒருவரும் இருக்கவில்லையாம். "எல்லாம் மத்திய கிழக்கிலை வேலை செய்துபோட்டு வாற சனம். அதுகளுக்கு ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது" என்று கதையை முடித்தார். மேசை முழுவதும் சிரித்தது.

நான் சிரிக்கவில்லை, மறுத்துப் பேசவுமில்லை. கலியாண வீட்டில் சண்டை பிடிக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன். ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்தச் சிரிப்பு மனதைவிட்டுப் போகவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நண்பர் விவரித்த காட்சி பொய்யன்று. யாரும் பார்த்திருக்கக்கூடியதே. ஆசனப்பட்டி விளக்கு அணைவதற்கு முன்னரே 'கிளிக், கிளிக்' என்ற ஓசை முன்னாலிருந்து பின்னால் வரை பரவும். பிறகு எல்லோரும் எழுந்து நிற்பார்கள். யன்னலோர ஆசனக்காரர் கூரைக்கு அடியில் கழுத்தை மடித்துக்கொண்டு நிற்பார். நடைபாதையில் நிற்பவர் முன்னால் நிற்பவரின் முதுகுப்பையை முகத்தில் தாங்கிக்கொண்டிருப்பார். கதவு திறக்கப் பத்து நிமிடமாகும். அதற்குள் வேகமாக எழுந்தவரும் மெதுவாக எழுந்தவரும் ஓர் அங்குலம்கூட நகரப்போவதில்லை. இறங்கிய பிறகும் குடிவரவில் வரிசை. அதையும் தாண்டினால் பொதிகள் வரும் பட்டி அசையாமல் கிடக்கும். இருபத்தைந்தாம் வரிசையிலிருந்து ஆறு பேரை முந்திக்கொண்டு ஓடியவரும், முந்தப்பட்ட ஆறு பேரும் அந்தப் பட்டியின் அருகே மறுபடியும் ஒன்றாகத்தான் நிற்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள் என்பது மட்டுமே வித்தியாசம்.

இது மூடத்தனம் என்பதில் எனக்கும் நண்பருக்கும் கருத்து வேறுபாடில்லை. குற்றவாளி யார் என்பதில்தான் வேறுபாடு.

பத்திரிகைத் தொழில் காரணமாகவும், சொந்தக் காரணங்களுக்காகவும் மத்திய கிழக்கிலிருந்து கொழும்புக்கு வரும் விமானங்களில் பல தடவை வந்திருக்கிறேன். வீட்டுப் பணிப்பெண்களாகப் போய் இரண்டு வருடம், நான்கு வருடம் கழித்துத் திரும்பும் பெண்கள் என் பக்கத்து ஆசனத்தில் இருந்திருக்கிறார்கள். குடிவரவுப் படிவத்தை நிரப்பித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் அவசரம் இருக்கிறது, மறுக்கவில்லை. நான்கு வருடமாகப் பிள்ளையைப் பாராத தாய்க்கு அவசரம் இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? ஆனால் "கொஞ்சம் இருங்கோ பிள்ளை, கதவு இன்னும் திறக்கேல்லை" என்று சொன்னால் அவர்கள் இருந்துவிடுவார்கள். சொன்ன பிறகும் இராதவர்கள் வேறு ஆட்கள். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் நம்மவர்கள். சென்னைக்குச் சேலை எடுக்கப் போய்வரும் நம்மவர்கள். மடிக்கணினியைத் தோளில் போட்டபடி சிங்கப்பூரிலிருந்து வரும் நம் இளைஞர்கள். அறிவிப்பு இவர்களுக்கு விளங்குகிறது. விளங்கியும் எழுந்து நிற்கிறார்கள். விளங்காதவர் எழுவதற்கும் விளங்கியவர் எழுவதற்கும் ஒரே தண்டனைதான் என்றால், அந்தத் தண்டனையைச் சாப்பாட்டு மேசையில் வழங்குகிற நீதிபதியும் அதே விமானத்தில் எழுந்து நின்றவராகவே இருப்பார் என்று நான் ஊகிக்கிறேன்.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸிலோ 101ஆம் இலக்க பஸ்ஸிலோ ஏறிப் பாருங்கள். வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவர் பம்பலப்பிட்டியிலேயே எழுந்து வாசலுக்கு வந்துவிட வேண்டும். இல்லையேல் தெகிவளையில்தான் இறங்கலாம். தனியார் பஸ் முழுதாக நிற்பதில்லை. வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அங்கே முன்கூட்டி எழுவது சாமர்த்தியம் மட்டுமன்று, அவசியமும்கூட. ஐம்பது வருடம் கால்களுக்குப் பழகிப்போன அந்தப் பாடத்தை நாம் ஆகாயத்துக்கும் கொண்டுபோகிறோம். விமானம் கடைசி ஆள் இறங்கும்வரை நிற்கும் என்பதை மூளை அறியும், கால்கள் அறியா.

'நமக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியாது' என்று சொல்பவர்களும் உண்டு. 2022ஆம் ஆண்டை அதற்குள் மறந்துவிட்டார்களா? பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் இந்த நாட்டு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள், வாகனத்துக்குள்ளேயே உறங்கினார்கள். முன்னால் போய்ச் சொருகியவனை விரட்டியதும் அதே வரிசைதான். முறை தெரிந்தால், அது எல்லோருக்கும் பொது என்று நம்பினால், நாம் நிற்போம். விமானத்துக்குள் அந்த நம்பிக்கை இல்லை. நான் ஒதுங்கினால் பின்னால் வருகிறவன் நுழைந்துவிடுவான் என்கிற பயமே இருக்கிறது.

இதில் என்ன பெரிய விஷயம், பத்து நிமிடக் கூத்துத்தானே என்று கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் லண்டனிலிருந்து வளைகுடா விமான நிலையமொன்றின் வழியாகக் கொழும்புக்கு வந்துகொண்டிருந்தேன். முதல் விமானம் தாமதமாகிவிட்டது. கொழும்பு விமானத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகவே அவகாசம் இருந்தது. விமானம் நின்றதும் எல்லோரும் எழுந்தோம். ஆம், எழுந்தோம், நானும்தான். எனக்கு நாலைந்து வரிசை பின்னாலிருந்து ஒரு பெண்மணியின் குரல் கேட்டது. அறுபது வயதிருக்கும். பருத்தித்துறையில் அவருடைய தமையனார் இறந்துவிட்டார், மறுநாள் எடுக்கப்போகிறார்கள், கொழும்பு விமானத்தைத் தவறவிட்டால் முகம் பார்க்க முடியாது. "தம்பிமார், கொஞ்சம் வழி விடுங்கோ" என்று தமிழிலேயே கேட்டார். சுற்றி நின்றவர்களில் பலர் தமிழர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் திரும்பி, "எல்லாருக்கும் அவசரம்தான் அக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தேன். 'அவருக்கு வழி விடுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெற்று ஆசனத்துக்குள் ஒதுங்கியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. எனக்கும் அதே கொழும்பு விமானம்தான். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி ஓடும்போது, 'எல்லாருக்கும் அவசரம்' என்றவரை வரியற்ற கடையொன்றில் கண்டேன். சொக்கலேற் பெட்டிகளை விலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசிச் சிலரில் ஒருவனாக விமானத்தில் ஏறினேன். அந்தப் பெண்மணி ஏறவில்லை. தமையனாரின் முகத்தைப் பார்த்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. திருமண மேசையில் நான் சிரிக்காததற்கு இதுதான் காரணம். என்னை விட்டுவிட்டு மத்திய கிழக்குச் சனத்தைக் குற்றஞ்சாட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு; அது இதைவிடப் பாரதூரமானது. 2016 ஆகஸ்ட் 3ஆம் திகதி திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேற்ஸ் விமானம் டுபாயில் ஓடுபாதையில் மோதித் தீப்பற்றியது. உள்ளே 300 பேர். வெளியேறும்படி பணியாளர்கள் கத்துகிறார்கள். பயணிகளோ மேலே கையை நீட்டிப் பெட்டிகளைத் தேடுகிறார்கள். உள்ளிருந்த ஒருவரே எடுத்த காணொளியை உலகம் பார்த்தது. 300 பேரும் தப்பியது அதிர்ஷ்டம். விமானம் தரையில் நின்று சுமார் ஒன்பது நிமிடங்களில் எரிபொருள் தாங்கி வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு பயணிகள் விமான வகைக்கு அனுமதி கிடைக்கும். பெட்டி தூக்கும் கைகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் 2024 ஜனவரி 2ஆம் திகதி தோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். தரையிறங்கிய ஜப்பான் எயர்லைன்ஸ் விமானம் கரையோரக் காவற்படை விமானத்துடன் மோதிற்று. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் மாண்டனர். பெரிய விமானம் முழுதாக எரிந்து சாம்பலானது. அதிலிருந்த 379 பேரும் உயிருடன் வெளியே வந்தார்கள். பொதிகளை விட்டுவிட்டு, சொல்லும்வரை இருந்து, சொன்னதும் இறங்கினார்கள். ஜப்பானியர் வானத்திலிருந்து குதித்த பிறவிகள் அல்லர். சாதாரண நாளில் செய்கிற பழக்கமே அசாதாரண நாளிலும் கைகளுக்கு வரும். அவர்களுக்கு வந்தது அதுதான்.

துருக்கி இதைச் சட்டத்தால் திருத்தப் பார்க்கிறது. விமானம் நிற்பதற்கு முன் எழுபவர்கள் பற்றி முறையிடும்படி அந்நாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை 2025இல் விமான நிறுவனங்களைப் பணித்தது. அபராதம் சுமார் 70 டொலர் என்று ஊடகங்கள் எழுதின. அமெரிக்கர்களோ, தங்கள் முறை வருமுன் வாசலில் குவிபவர்களுக்கு 'வாசல் பேன்கள்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அபராதத்தை ஏற்பேன், இந்தப் பெயரை ஏற்கமாட்டேன். மனிதரைப் பேன் என்று அழைக்கத் தொடங்கியவர் திருத்த வந்தவர் அல்லர். நண்பரின் 'அதுகள்' என்ற சொல்லும் அதே சாதிதான்.

செய்யக்கூடியவை சிறிய காரியங்கள். எங்கள் மக்கள் பெருமளவில் பயணம் செய்யும் விமானங்களில், 'இருங்கள்' என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். அரபியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் சொல்லிவிட்டு, பருத்தித்துறைக் கிழவிக்கு ஒழுக்கமில்லை என்று கோபிப்பது நியாயமன்று. அடுத்த விமானத்துக்கு அவகாசம் குறைந்தவர்களை முதலில் இறக்க வேண்டும். பெயர் சொல்லி அழைத்து, மற்றவர்களை இருத்திவைத்து இறக்க வேண்டும். சில நிறுவனங்கள் இதைக் கேட்டுக்கொள்கின்றன, ஆனால் கெஞ்சும் குரலில். மற்றபடி ஒவ்வொருவரும் முன் வரிசை வெளியேறும்வரை இருந்தால் போதும். அதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம்.

யாழ்ப்பாணம் போகிற விமானத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமானதிலிருந்து சென்னையிலிருந்து வருவது ஏரிஆர் என்ற சிறிய விமானம். அதில் பயணிகளுக்கான கதவு வாலருகே இருக்கிறது; முன்பக்கத்தில் பொதியறை. முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டவர், சக்கரம் தொட்டவுடன் எழுந்து, வழமைபோல முன்னுக்கு ஓரடி வைப்பார். அங்கே சுவர்தான் இருக்கும். கடைசி வரிசையில் பனங்கட்டிப் பையோடு இருந்த கிழவர் படியிறங்கி, ஓடுபாதைக்கு அருகே வெய்யிலில் நடந்துபோவதை யன்னலால் பார்த்தபடி, அவர் எல்லோருக்கும் கடைசியாகக் காத்து நிற்பார்.

வங்கி நண்பர் அடுத்த மாதம் மகளைப் பார்க்க ரொறன்ரோ போகிறார். முன்வரிசையில், நடைபாதை ஓரமாக ஆசனம் கேட்டிருக்கிறாராம். யன்னலோரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார்.