நேற்றே கொடுத்திருந்தால்...



சந்தையில் தக்காளி மலிவாகக் கிடைத்துவிட்டால் நம் கை சும்மா இருப்பதில்லை. ஒரு கிலோ வாங்கச் சென்றவர் மூன்று கிலோவுடன் திரும்புகிறார். "இந்த விலைக்கு இனி எப்பொழுது கிடைக்கப் போகிறது?" என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். நான்காம் நாள் கூடையின் அடியில் கையை விட்டால் விரல் பழத்திற்குள் போகிறது. பாதியைக் குப்பையில் கொட்டிய பின் கணக்குப் பார்த்தால், எஞ்சிய பாதியை இருமடங்கு விலை கொடுத்தன்றோ வாங்கியிருக்கிறோம்!

பிறரைக் குறைகூற இதை எழுதவில்லை. என் இல்லத்தில் நடந்ததையே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள், குழையத் தொடங்கிவிட்ட தக்காளிகளை ஒரு பையிலிட்டு, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளிடம் கொடுத்தேன். வீணாக்காமல் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்ற மனநிறைவும் எனக்கு இருந்தது. அவர் பையைத் திறந்து பார்த்தார். சற்றுத் தயங்கினார். பிறகு, "நேத்தே குடுத்திருந்தீங்கன்னா குழம்புக்கு ஆயிருக்கும்மா" என்றார். அவர் குரலில் கோபமில்லை; குறையுமில்லை. உள்ளதைச் சொன்னார். நான்தான் தலைகுனிந்தேன்.

நான் கொடுத்தது தர்மமன்று. என் வீட்டுக் குப்பையை அவர் கையில் கொடுத்துச் சுமக்கச் சொல்லியிருக்கிறேன். வீண்விரயம் கூடாது என்பதும், நாமே வாங்கத் தயங்கும் பொருளைப் பிறருக்கு ஈயலாகாது என்பதும் சிறு வயது முதல் நம் செவியில் விழுந்து வரும் போதனைகள். அந்த இரண்டையும் ஒரே பையில் போட்டு மீறியிருந்தேன்.

அன்று முதல் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. தக்காளி வீணாவது நான்காம் நாளில் அன்று. வாங்கி வந்த முதல் நாளிலேயே அதன் கதி முடிவாகிவிடுகிறது. எனவே, செய்ய வேண்டியவற்றை அன்றே செய்துவிட வேண்டும்.

முதல் நாள் வேலை

வாங்கி வந்த தக்காளியைப் பையோடு மூலையில் வைக்காதீர்கள். ஒரு தாம்பாளத்தில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். கெட்டியானவை, அளவாகப் பழுத்தவை, குழையத் தொடங்கியவை என மூன்று பங்கு. தக்காளி பறித்த பின்னும் பழுக்கும் இனம். பழுக்கும்போது அது எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு அருகிலுள்ள காய்களையும் விரைந்து பழுக்கச் செய்கிறது. ஆகவே, அளவுக்கு மீறிப் பழுத்த ஒன்றைக் கூடையில் விட்டுவைத்தால் மற்றவற்றையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

கெட்டியானவற்றை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். காம்பு இருந்த பக்கம் கீழே இருக்கட்டும். பழத்தின் ஈரம் பெரும்பாலும் அவ்வழியாகவே வெளியேறுகிறது. கழுவி ஈரத்தோடு அடுக்காதீர்கள். சமைக்கும்போது கழுவினால் போதும்.

குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதே என்று அனைத்தையும் அதற்குள் தள்ளுவது நம்மில் பலருடைய வழக்கம். முழுதும் பழுக்காத காய் குளிரில் சரியாகப் பழுப்பதில்லை. பழுத்ததும் மணத்தை இழக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதை ஆராய்ந்தனர். 5 டிகிரி குளிரில் 7 நாட்கள் வைத்த தக்காளியில், மணத்தைத் தரும் பொருட்களை உருவாக்கும் மரபணுக்களின் வேலை மந்தமாகிவிடுவதைக் கண்டனர். வெளியில் எடுத்து ஒருநாள் வைத்த பிறகும் பழைய சுவை முழுமையாகத் திரும்பவில்லை. எனவே, நன்கு பழுத்து இனித் தாங்காது என்ற நிலைக்கு வந்தவற்றை மட்டும் பெட்டியில் வையுங்கள். அவற்றையும் ஓரிரு நாட்களில் தீர்த்துவிடுங்கள்.

புதிதாய் இருக்கையில்

அளவாகப் பழுத்த பங்கு அன்றும் மறுநாளும் உண்பதற்குரியது. இதைக் குழம்பில் கரைத்துவிட மனம் வருவதில்லை. வட்டமாக நறுக்கி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி செய்யும்போது தக்காளியை முன்கூட்டியே சேர்க்காமல் பரிமாறும் வேளையில் சேருங்கள். தக்காளியில் ஏறத்தாழ 94 சதம் நீர்; உப்புப் பட்டவுடன் நீர்விட்டுப் பச்சடி தளர்ந்துவிடும். ரசத்திற்கும் ஆணத்திற்கும் புளிப்பு மிகுந்த நாட்டுத் தக்காளி ஏற்றது. தோல் தடித்த பெங்களூர்த் தக்காளி கூடுதலாகச் சில நாட்கள் தாங்கும். இரண்டிலும் தேவையறிந்து வாங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது.

குழைந்தவற்றைக் காக்க வைக்காதீர்கள்

மூன்றாவது பங்குதான் நம்மைச் சோதிப்பது. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் ஒதுக்குவது இதைத்தான். அன்றிரவே தொக்காக்கிவிடுங்கள். ஒரு கிலோ தக்காளிக்கு ஒரு சிறு எலுமிச்சை அளவு புளி, தேவையான உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் சிறிது. நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். நீர் வற்றியபின் ஒரு கிலோவும் ஒரு சீசாவில் அடங்கிவிடும். புளிப்புப் பண்டமாதலால் அலுமினியப் பாத்திரத்தில் செய்யவோ வைக்கவோ வேண்டாம். ஆறியபின் ஈரமில்லாத கண்ணாடிச் சீசாவில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மேலே எண்ணெய் மிதக்கிறதே என்று வெளியில் விட்டுவைக்கக் கூடாது. நோன்புக் காலத்தில் ஸஹர் வேளையில் அடுப்பு மூட்டத் தெம்பில்லாத நாளில் இதன் அருமை தெரியும்.

தொக்குக் கிளற நேரமில்லையா? கழுவித் துடைத்து முழுப் பழமாகவே உறைபகுதியில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது எடுத்துத் தண்ணீரில் காட்டினால் தோல் தானே கழன்றுவிடும். பச்சையாக உண்ண ஆகாது. தாளிச்சாவிற்கும் நோன்புக் கஞ்சிக்கும் நன்றாக உதவும். நறுக்கி மிஞ்சிய அரைத் தக்காளியை மூடிய கிண்ணத்தில் பெட்டியில் வைத்து, மறுநாள் முதல் சமையலிலேயே சேர்த்துவிடுங்கள்.

சிக்கனத்திற்கும் எல்லை உண்டு

பூஞ்சணம் பூத்த பழத்தை, கெட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சமைப்பவர் நம்மில் உண்டு. தக்காளி போன்ற நீர்ப்பழத்தில் பூஞ்சணத்தின் இழை நம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். அதை முழுமையாக ஒதுக்கிவிடுங்கள். செடிக்கு உரமாகட்டும். வீணாகிறதே என்று வயிற்றைக் கெடுத்துக் கொள்வது சிக்கனம் ஆகாது. அத்தகைய பழத்தை ஏழைக்குக் கொடுப்பதோ, முன்னே சொன்னேனே, அது கொடையும் ஆகாது.

ஒரு வீட்டில் நான்கு தக்காளி அழுகினால் உலகம் கெட்டுவிடுமா என்று கேட்கலாம். ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். விருந்து மண்டபங்களும் உணவு விடுதிகளுமே காரணம் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அதில் ஏறத்தாழ 60 சதம் வீடுகளிலிருந்து வந்தது!

2023 ஜூலையை மறந்திருக்க மாட்டீர்கள். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையின் சில நியாயவிலைக் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அந்நாட்களில் ஒரு பழமேனும் நம் வீட்டில் அழுகியதா? இல்லை. எண்ணி எடுத்தோம், எண்ணிச் சமைத்தோம். விலை குறைந்து, பறிகூலிக்கும் கட்டாமல் விவசாயி சாலையோரம் கொட்டிச் செல்லும் காலமும் வருகிறது. அப்பொழுது நம் கை தாராளமாகிவிடுகிறது. விலை மாறுகிறது, அதை விளைவிக்க அவர் சிந்திய வியர்வை மாறுவதில்லையே!

இப்பொழுதும் மலிவு கண்டால் நான் கூடுதலாக வாங்குவதுண்டு. ஆனால் தாம்பாளத்தில் பிரிக்கும்போதே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுகிறேன். நல்ல பழமாகப் பார்த்து, அன்றே, அந்த அம்மாள் கையில் கொடுத்துவிடுகிறேன். சென்ற வாரம் அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு நம்ம வீட்டுல தக்காளிச் சோறுதாம்மா" என்று சிரித்தார்.

அடுத்த முறை சந்தையிலிருந்து திரும்பியதும், கூடையை இறக்கி வைக்குமுன் தாம்பாளத்தை எடுங்கள் சகோதரிகளே! கொடுக்க வேண்டியதை அன்றே கொடுங்கள்.