காமிரா காட்டும், குப்பையை யார் அள்ளுவது?

2024 டிசம்பர் 29-இல் தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானத்தில் பறவைகள் மோதின. அவசரமாகத் தரையிறங்கிய விமானம் ஓடுபாதை தாண்டி, கான்கிரீட் மேட்டில் மோதி எரிந்தது. 179 பேர் மாண்டனர். பறவைகளைக் காட்டும் வெப்பக் காமிரா அங்கே இல்லை. எல்லா விமான நிலையங்களிலும் வைப்போம் என்று சர்க்கார் அறிவித்ததோ 2025 பிப்ரவரியில்!

வைக்கட்டும். யந்திரத்துக்கு நாம் விரோதிகளல்ல. உடற்சூட்டைக் கொண்டு இருட்டிலும் பறவையைக் காட்டும் காமிரா நல்ல சாதனமே. ஆனால் அது காட்டும், விரட்டாது. விரட்ட ஆள் வேண்டும்.

பறவை ஏன் வருகிறது? விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவையை இழுக்கும் குப்பையைக் கொட்டலாகாது என்கின்றன, 1937-ஆம் ஆண்டு விமான விதிகள். விதியை ஏட்டில் வைத்துவிட்டுக் காமிரா வாங்குவது, களத்தில் நெல்லைப் பரப்பிவிட்டுக் குருவியைக் கோபிப்பதல்லவா?

நமது இடையஞ்சாவடிக்கு அருகில் புதுச்சேரி விமான நிலையம். வடக்கே மரக்காணம் உப்பளங்கள். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி. இங்கே பறவை நேற்று வந்ததல்ல. ஓடுபாதைதான் பிறகு வந்தது. அதை விஸ்தரிக்கத் தமிழ்நாட்டு நிலத்தையும் கேட்கிறார்கள். பரந்தூரிலோ ஏரியும் வயலும் பறிபோகும் என்று 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் போராடுகிறார்கள்.

நாம் கேட்பது இதுதான்: காமிரா வையுங்கள்! காவலுக்கு நிரந்தரத் தொழிலாளரை வையுங்கள்! குப்பையை அகற்றுங்கள்! ஏரியில் ஓடுபாதை போடாதீர்கள்!